பாய்லர் டியூப் லீக்: வெட்டுவதற்கு முன்பிருந்து ஹைட்ரோ டெஸ்ட் வரை

அனல் மின்நிலையத்தில் 210 மெகாவாட் உற்பத்திப் பிரிவு ஒன்று ஒரு நாள் முழுக்க நின்றால் 50.4 லட்சம் யூனிட் (கிலோவாட் மணி) மின்சாரம் உற்பத்தியாகாமல் போகிறது. அதனால் டியூப் லீக் (பாய்லருக்குள் தண்ணீரோ நீராவியோ ஓடும் குழாய் ஓட்டையாவது) என்றதும் எல்லோருடைய கண்ணும் கடிகாரத்தின் மீதே இருக்கும். உண்மையில் வெல்டிங்குக்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான். பாய்லரை ஆறவைப்பது, சாரம் கட்டுவது, வெடித்த இடத்தைச் சுற்றியுள்ள டியூப்களை அளப்பது, உலோகத்தை உறுதி செய்வது, எக்ஸ்ரே எடுப்பது ஆகியவைதான் நேரம் பிடிப்பவை. அவசரம் என்று வரும்போது முதலில் கைவிடப்படுவதும் இவைதான். அதே டியூபோ பக்கத்து டியூபோ சில வாரங்களில் மறுபடி வெடிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

தூத்துக்குடி, மேட்டூர், வடசென்னை ஆகிய இடங்களில் ஓடும் 210 மெகாவாட் வகை நிலக்கரி பாய்லர்களை மனதில் வைத்து இந்த வழிமுறை எழுதப்பட்டிருக்கிறது. வாட்டர்வால் (ஃபர்னஸ் எனும் எரியறையின் சுவராக நிற்கும் தண்ணீர் டியூப்கள்), எக்கனாமைசர் (உள்ளே வரும் தண்ணீரைப் புகைவாயுவால் சூடாக்குவது), சூப்பர்ஹீட்டர் (நீராவியை மேலும் சூடாக்குவது), ரீஹீட்டர் (டர்பைனில் ஓடி வந்த நீராவியை மறுபடி சூடாக்குவது) டியூப்களுக்கு இது பொருந்தும். ஹெடர் (பல டியூப்கள் வந்து சேரும் பெரிய குழாய்), டிரம் (தண்ணீரும் நீராவியும் பிரியும் உருளை), பிரதான நீராவிக் குழாய் போன்ற கனமான பாகங்களுக்கு விதிகள் வேறு. அவற்றை இதை வைத்துச் செய்யக் கூடாது.

வெடிப்பைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

கட்டிங் செட்டை எடுக்கும் முன் வெடித்த இடத்தைக் கழுவாமல், தேய்க்காமல் நாலு பக்கமும் படம் எடுங்கள். வெடிப்பின் உதடு எப்படி இருக்கிறது என்பதுதான் முதல் தடயம்.

உதடு கத்தி முனைபோல மெலிந்து, டியூப் வீங்கி, மீன் வாய்போலப் பிளந்திருந்தால் அது குறுகிய நேரத்தில் ஏறிய கடும் சூட்டால் வந்தது. அந்த டியூபில் தண்ணீரோ நீராவியோ போதிய அளவு ஓடவில்லை என்று பொருள். டியூபை மட்டும் மாற்றிவிட்டு வந்தால் அது திரும்ப வெடிக்கும். ஓட்டத்தை அடைத்தது எது என்று இன்லெட் ஹெடரைத் திறந்தோ போரோஸ்கோப் (குழாய்க்குள் விடும் கேமரா) விட்டோ பார்க்க வேண்டும். முந்தைய ரிப்பேரில் உள்ளே விழுந்த கிரைண்டிங் துகள், வெல்டிங் கம்பித் துண்டு, துணி, உரிந்து விழுந்த ஆக்சைடு செதில் ஆகியவை அடிக்கடி கிடைப்பவை.

உதடு தடிமனாகவே இருந்து, பக்கத்தில் நீளவாக்கில் சிறு சிறு வெடிப்புகளும், மரப்பட்டை மாதிரி ஆக்சைடும் தெரிந்தால் அது நீண்டகாலச் சூட்டில் உலோகம் தளர்ந்த க்ரீப். அந்த வரிசையில் உள்ள மற்ற டியூப்களும் அதே வயதில்தான் இருக்கின்றன. உள்பக்க ஆக்சைடு தடிமனை அல்ட்ராசோனிக் முறையில் அளந்தால் எவை அடுத்து போகும் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

வெளிப்பரப்பு பளபளவென்று தேய்ந்து தட்டையாகியிருந்தால் சாம்பல் அரிப்பு. இந்திய நிலக்கரியில் சாம்பல் 35 முதல் 45 சதவீதம் வரை இருப்பதால் எக்கனாமைசரிலும் தாழ்வெப்ப சூப்பர்ஹீட்டரிலும் இதுவே பெரிய தொல்லை. காயிலுக்கும் (வளைந்து வளைந்து செல்லும் டியூப் தொகுதி) சுவருக்கும் இடையே சந்து விழுந்த இடத்தில் புகைவாயு வேகம் கூடி அங்கேதான் அதிகம் அரிக்கும். அங்கே தடுப்புத் தகடும் ஷீல்டும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்காமல் டியூபை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. சூட் புளோயர் (டியூப்களில் படியும் சாம்பலை நீராவியால் ஊதித் தள்ளும் கருவி) அருகே ஒரே பக்கம் தேய்ந்திருந்தால் அதன் நீராவி அழுத்தத்தையும் கண்டன்சேட் (குளிர்ந்து தண்ணீரான நீராவி) வடிகிறதா என்பதையும் சோதியுங்கள்.

வாட்டர்வாலில் ஒரு துண்டு அப்படியே ஜன்னல்போலப் பெயர்ந்து போயிருக்கிறது, உதடு தடிமனாக இருக்கிறது, வீக்கமே இல்லை என்றால் ஹைட்ரஜன் சேதத்தைச் சந்தேகியுங்கள். கடல்நீரால் கண்டன்சரைக் (டர்பைன் நீராவியைத் தண்ணீராக்கும் கருவி) குளிர்விக்கும் கரையோர நிலையங்களில் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கண்டன்சர் டியூப் ஓட்டையானால் குளோரைடு பாய்லர் தண்ணீரில் கலக்கும், அமிலத்தன்மை கூடும், உள்படிவத்துக்கு அடியில் ஹைட்ரஜன் உண்டாகி எஃகுக்குள் புகுந்து அங்குள்ள கார்பனோடு சேரும். தடிமன் மீட்டர் முழுத் தடிமனைக் காட்டும், ஆனால் உலோகம் உள்ளே நுண்வெடிப்புகளால் நொறுங்கியிருக்கும். அப்படிப்பட்ட உலோகத்தில் வெல்டு நிற்காது. நல்ல உலோகம் கிடைக்கும் வரை மேலும் கீழும் வெட்டிக்கொண்டே போக வேண்டும்.

கண்ணில் படும் பெரிய ஓட்டையே முதல் ஓட்டை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலில் விட்ட சிறு ஓட்டையிலிருந்து பீறிடும் நீராவி பக்கத்து டியூபை அறுத்து, அது வெடித்து எதிரே உள்ளதை அறுப்பது வழக்கம். நீராவித் தாரை பட்ட ஒவ்வொரு டியூபையும் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்து, சுற்றளவில் நான்கு புள்ளிகளில் தடிமன் எடுங்கள். எது இருக்கலாம், எது மாற்ற வேண்டும் என்பது அந்த டியூபுக்குக் கணக்கிட்ட குறைந்தபட்சத் தடிமனை வைத்துத்தான் முடிவாக வேண்டும்.

எந்த உலோகம் என்று உறுதி செய்யுங்கள்

வாட்டர்வாலும் எக்கனாமைசரும் பொதுவாக எஸ்ஏ 210 கார்பன் எஃகு. சூப்பர்ஹீட்டரும் ரீஹீட்டரும் சூட்டுக்கு ஏற்ப எஸ்ஏ 213 வகையில் டி11, டி22, டி91, அதற்கு மேல் டிபி347எச் ஸ்டெயின்லெஸ் என்று மாறிக்கொண்டே போகும். ஒரே காயிலுக்குள்ளேயே இரண்டு மூன்று வகை இருக்கும். டி11, டி22, டி91 மூன்றும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். டி22 இருக்க வேண்டிய இடத்தில் டி11 போட்டால் ஹைட்ரோ டெஸ்டை (தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனை) நன்றாகவே தாங்கும். பல மாதம் கழித்து க்ரீப்பில் வெடிக்கும்போதுதான் தெரியும்.

ஆகவே இந்த மூன்று பொருட்களையும் கையடக்க எக்ஸ்ரே அலாய் அனலைசரால் சோதியுங்கள்: வெட்டியபின் நிற்கும் பழைய டியூப் முனை, புதிய டியூப், ஃபில்லர் கம்பி (வெல்டில் உருகிச் சேரும் கம்பி). குரோமியம் ஏறக்குறைய 1.25 சதவீதம் என்றால் டி11, 2.25 என்றால் டி22, 9 என்றால் டி91. இந்தக் கருவி கார்பனைக் காட்டாது. அதற்கு உற்பத்தியாளர் சான்றிதழைத்தான் நம்ப வேண்டும். புதிய டியூபை வெட்டும்போது நிறக்குறியும் ஹீட் நம்பரும் (எஃகு உருக்கிய தொகுதியின் எண்) இல்லாத முனையிலிருந்தே வெட்டுங்கள். மீதி டியூப் அடையாளமில்லாமல் ஸ்டோருக்குத் திரும்பினால் அடுத்த லீக்குக்கு அதுவே வித்து.

ஃபில்லர் கம்பி: கார்பன் எஃகுக்கு இஆர்70எஸ்-2 அல்லது வெல்டிங் நடைமுறைத் தாளில் உள்ளபடி இஆர்70எஸ்-ஏ1, டி11-க்கு இஆர்80எஸ்-பி2, டி22-க்கு இஆர்90எஸ்-பி3, டி91-க்கு இஆர்90எஸ்-பி9. ஸ்டெயின்லெஸ்ஸையும் டி22-ஐயும் இணைக்க நிக்கல் கம்பியான இஆர்நிசிஆர்-3. இந்த ஜாயிண்டுக்கு ஸ்டெயின்லெஸ் கம்பியைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டு உலோகமும் சூட்டில் வேறு வேறு அளவில் விரிவதால் டி22 பக்கம் எல்லைக் கோட்டிலேயே வெடிக்கும். நிக்கல் கம்பி அந்த விரிவு வேறுபாட்டைக் கொஞ்சம் சமன் செய்கிறது, கார்பன் நகர்வதையும் குறைக்கிறது.

சட்டப்படி பாய்லரில் ரிப்பேர் செய்ய மாநிலக் கொதிகலன் ஆய்வாளரின் ஒப்புதல் வேண்டும். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2025-ஆம் ஆண்டு பாய்லர் சட்டம் வந்திருக்கிறது. வெல்டரின் ஐபிஆர் (இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகள்) சான்றிதழ் காலாவதியாகாமலும், செய்யப்போகும் உலோக வகைக்கும் வெல்டிங் நிலைக்கும் (டியூப் நிற்கும் கோணம்) பொருந்துவதாகவும் இருக்க வேண்டும். கார்பன் எஃகில் தேறியவர் என்பதற்காக டி91-ல் கை வைக்க விடக் கூடாது.

உள்ளே இறங்கும் முன்

அழுத்தம் பூஜ்யம், டிரெயினும் வென்டும் திறப்பு, ஃபேன்கள், எண்ணெய் கன்கள் (எண்ணெய் தெளிக்கும் பர்னர்கள்), மில்கள் (நிலக்கரி அரைக்கும் இயந்திரங்கள்) எல்லாம் பூட்டிச் சீட்டு போட்ட நிலை: இவை இல்லாமல் மேன்ஹோலைத் தாண்டக் கூடாது. மேலே சுவரிலும் சூப்பர்ஹீட்டர் பிளாட்டன்களிலும் (தொங்கும் டியூப் வரிசைகள்) ஒட்டியிருக்கும் கிளிங்கரைத் (உருகி இறுகிய சாம்பல் கட்டி) தட்டி விழவைத்த பிறகே கீழே ஆள் நிற்க வேண்டும். விளக்கு 24 வோல்ட். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வெல்டிங்குக்குப் பயன்படும் ஆர்கான் வாயு காற்றைவிடக் கனமானது, மணமில்லாதது. ஹாப்பர் பக்கமும் காயில்களுக்கு இடையிலும் தேங்கினால் மூச்சு முட்டும் உணர்வே வராமல் ஆள் சாய்ந்துவிடுவார். பர்ஜ் செய்யும் (டியூப் உள்ளே ஆர்கான் நிரப்பிக் காற்றை வெளியேற்றும்) இடத்தில் ஆக்சிஜன் மீட்டர் ஆளோடு உள்ளே இருக்க வேண்டும்.

வெட்டுதல், பொருத்துதல்

1. சேதம் தெரியும் எல்லையிலிருந்து இரு புறமும் குறைந்தது 150 மி.மீ. தள்ளி வெட்டுக்கோடு போடுங்கள். மாற்றுத் துண்டு 300 மி.மீ.க்குக் குறையாமல் இருப்பது நல்லது. வளைவின் மீதும் அட்டாச்மென்ட் வெல்டின் (தாங்கி போன்றவற்றை டியூபில் ஒட்டிய வெல்டு) மீதும் புது ஜாயிண்ட் வரக் கூடாது.

2. கேஸ் கட்டிங் வேண்டாம். கிரைண்டிங் வீல் அல்லது டியூப் கட்டர் போதும். தவிர்க்க முடியாமல் கேஸில் வெட்டினால் சூடு பட்ட உலோகம் போகும்வரை முனையைக் கிரைண்ட் செய்ய வேண்டும்.

3. வெட்டிய உடனே கீழ் டியூபின் வாயை மூடுங்கள். துணி, பஞ்சு, மரக்கட்டை எதுவும் கூடாது. நீரில் கரையும் பர்ஜ் காகிதமோ, கயிறு கட்டி வெளியே நங்கூரமிட்ட ரப்பர் பிளக்கோ போடுங்கள். எத்தனை பிளக் போட்டோம், எத்தனை எடுத்தோம் என்று பெயரோடு எழுதிவையுங்கள். ஹெடருக்குள் விழுந்த ஒரு சிறு துண்டு முழு நிறுத்தத்தையும் மறுபடி வரவழைக்கும்.

4. முனையைப் போர்ட்டபிள் பெவலிங் மெஷினில் 30 முதல் 37.5 டிகிரி வரை சாய்த்து, ரூட் ஃபேஸ் (சாய்க்காமல் விடும் அடிவிளிம்பு) 1 மி.மீ. அளவில் விடுங்கள். உள்ளும் புறமும் 15 மி.மீ. தூரத்துக்குத் துரு, ஆக்சைடு, உள்படிவம் எல்லாம் போய் உலோகம் மின்ன வேண்டும். உள்பக்கப் படிவத்தை விட்டுவிட்டால் ரூட்டில் (வெல்டின் அடி லேயர்) துளை நிச்சயம்.

5. ரூட் இடைவெளி 2.5 மி.மீ. அளவு. 2.4 மி.மீ. ஃபில்லர் கம்பியையே அளவுகோலாக வைக்கலாம். உள்விளிம்பு ஏற்றத்தாழ்வு 1 மி.மீ.க்குள். சரியாக வரவில்லை என்று செயின் பிளாக் போட்டு இழுத்து நிறுத்தி வெல்டு செய்யாதீர்கள். அந்த இழுவிசை ஆயுள் முழுக்க ஜாயிண்டிலேயே நிற்கும். துண்டை மறுபடி அளந்து வெட்டுவதே குறைந்த செலவு.

6. ஒரு ஜாயிண்ட் சுருங்கும்போது மாற்றுத் துண்டைத் தன் பக்கம் இழுக்கும், மறுமுனை இடைவெளி அகலும். ஆகவே முதல் ஜாயிண்டின் ரூட்டை முடித்து, இரண்டாவது இடைவெளியை மறுபடி அளந்து, பிறகு டேக் (பொருத்தி நிறுத்தும் சிறு வெல்டு) போடுங்கள்.

வாட்டர்வாலின் தனித் தொல்லைகள்

டியூப்களை இணைக்கும் பட்டையான ஃபின்னை அறுக்கும்போது பக்கத்து டியூபில் வீல் பட்டு வடு விழுவது மிகச் சாதாரணம். அறுப்பு ஃபின்னின் நடுவில் ஓட வேண்டும், ஜாயிண்டைத் தாண்டி 25 மி.மீ. வரை நீள வேண்டும். அறுப்பு முடியும் இடத்தை வட்டமாக முடியுங்கள். கூர்முனை விட்டால் அங்கிருந்து விரிசல் கிளம்பி டியூபுக்குள் போகும். ஜாயிண்ட் முடிந்தபின் அதே தடிமனுள்ள ஃபின் பட்டையால் இடைவெளியை முழுதாக மூட வேண்டும். பட்டை போடாமல் வெல்டு உலோகத்தாலேயே இடைவெளியை நிரப்புவது நிறைய இடங்களில் நடக்கிறது. அதன் கிரேட்டர் (ஆர்க் நின்ற இடத்துக் குழி) டியூபின் மீது முடிந்தால் அதுதான் அடுத்த லீக்.

ஃபர்னஸ் உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் என்று இரு வெல்டர்கள் பாதிப் பாதியாகப் போடுவதே நல்ல ஏற்பாடு. அதற்கு வெளிப்பக்கக் காப்பையும் உறைத்தகட்டையும் கழற்ற வேண்டும். கழற்ற முடியாத இடத்தில் ஜன்னல் முறை: ஜாயிண்ட் இருக்கும் இடத்தில் ஃபர்னஸ் பக்கம் டியூபின் முன்பாதியை நீள்வட்டமாக வெட்டி எடுத்து, அந்தத் திறப்பு வழியாகப் பின்பாதி ரூட்டை உள்ளிருந்தே போட்டு, கடைசியில் அதே வளைவுள்ள துண்டால் ஜன்னலை மூடுவது. ஒவ்வொரு ஜன்னலும் கூடுதல் வெல்டு நீளம், கூடுதல் ஆபத்து. வேறு வழியே இல்லாத இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழிருந்து நீராவியோ ஈரமோ ஏறிக்கொண்டிருந்தால் ரூட் ஒருபோதும் சுத்தமாக வராது. டிரெயின் உண்மையில் வடிந்துவிட்டதா என்று பாருங்கள். மேலும் கீழும் திறந்த டியூப் புகைக்கூண்டுபோலக் காற்றை இழுக்கும். அந்தக் காற்று ஆர்கான் திரையைக் கலைத்துத் துளைகளை உண்டாக்கும். அந்தக் காற்றுக்குக் கரையும் காகிதம் மருந்து.

ரூட் முதல் கேப் (மேல் லேயர்) வரை

டியூப் ஜாயிண்டுக்கு ரூட் எப்போதும் டிக் (டங்ஸ்டன் முனையும் ஆர்கான் திரையும் கொண்ட வெல்டிங்) முறையில்தான். தடிமன் 6 மி.மீ. வரை இருந்தால் முழு ஜாயிண்டையும் டிக்கிலேயே முடித்துவிடலாம். ஸ்லாக் (வெல்டில் சிக்கும் கசடு) பிரச்சினையே வராது. டங்ஸ்டன் 2.4 மி.மீ. சீரியம் அல்லது லாந்தனம் கலந்தது. தோரியம் கலந்ததன் கிரைண்டிங் தூசு கதிர்வீச்சுள்ளது என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. நேர்மின்னோட்டத்தில் டார்ச் எதிர்முனை, ரூட்டுக்கு 80 முதல் 110 ஆம்பியர், 10 முதல் 14 வோல்ட். ஆர்கான் தூய்மை 99.99 சதவீதத்துக்குக் குறையாமல், டார்ச்சில் நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர்.

டி91-க்கும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் உள்பக்க ஆர்கான் பர்ஜ் கட்டாயம். டி22-க்குச் செய்தால் ரூட் தெளிவாக வரும். டியூபில் போட்ட அடைப்புக்கு உள்ளே இருக்கும் காற்று அளவைப்போல ஐந்தாறு மடங்கு ஆர்கான் போனபின்தான் ஆர்க் அடிக்க வேண்டும். பிறகு ஓட்டத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் கடைசி இடைவெளியை மூடும்போது உள் அழுத்தம் ரூட்டை வெளியே தள்ளும். ரூட்டும் அதன்மேல் இரண்டு லேயரும் முடியும்வரை பர்ஜை நிறுத்தாதீர்கள்.

அடியிலிருந்து, அதாவது ஆறு மணி நிலையிலிருந்து தொடங்கி இரு புறமும் மேலே வாருங்கள். தலைக்கு மேலே போடும் பகுதியில் ரூட் உள்வாங்கிக் குழிவது பொதுவான குறை. கம்பியை உள்பக்கமாகத் தள்ளிக் கொடுத்தால் தவிர்க்கலாம். ஆர்க்கை நிறுத்தும்போது மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துக் கிரேட்டரை நிரப்புங்கள், சட்டென்று தூக்கினால் அதில் நட்சத்திர வெடிப்பு விழும். ஒரு லேயரின் தொடக்கமும் அடுத்த லேயரின் தொடக்கமும் ஒரே இடத்தில் வரக் கூடாது. நெருக்கமான காயிலுக்குள் பின்பக்கம் கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் போட முடியும். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், 6ஜி (45 டிகிரி சாய்ந்த குழாயில் செய்யும் வெல்டர் தேர்வு) தேறியிருப்பது மட்டும் போதாது. வெளியே மாதிரி சட்டம் கட்டி, அதே இடைவெளியில் இரண்டு ஜாயிண்ட் போடவைத்துப் பார்த்த பிறகு உள்ளே அனுப்புங்கள்.

மேல் லேயர்களுக்கு எலக்ட்ரோடு பயன்படுத்தினால் இ7018 போன்ற லோ ஹைட்ரஜன் வகையை உற்பத்தியாளர் சொன்ன சூட்டில், பெரும்பாலும் 300 முதல் 350 டிகிரியில், ஒன்றிரண்டு மணி நேரம் பேக் செய்து, சூடான குவிவரில் (கையில் எடுத்துப் போகும் எலக்ட்ரோடு அடுப்பு) எடுத்துப் போக வேண்டும். ஃபர்னஸ் சாரத்தில் திறந்த டப்பாவில் கிடந்த எலக்ட்ரோடு எதற்கும் ஆகாது.

ப்ரீஹீட் (வெல்டுக்கு முன் சூடாக்குவது): மெல்லிய கார்பன் எஃகுக்கு ஈரம் போனால் போதும். டி11-க்கு 120, டி22-க்கு 150 டிகிரி செல்சியஸ் குறைந்தபட்சம். இந்த ப்ரீஹீட்டோடு வெளிவிட்டம் ஏறக்குறைய 100 மி.மீ.க்குள், தடிமன் 16 மி.மீ.க்குள், கார்பன் 0.15 சதவீதத்துக்குள் இருந்தால் டி11, டி22 டியூப்களுக்கு வெல்டுக்குப் பிந்தைய வெப்பப் பதனிலிருந்து (குறித்த சூட்டில் வைத்து உலோகத்தைச் சீராக்குவது) அமெரிக்க ஏஎஸ்எம்இ விதித்தொகுப்பு விலக்கு தருகிறது. உங்கள் நிலையத்தின் நடைமுறைத் தாள் அதைவிடக் கடுமையாக இருந்தால் அதுவே சட்டம். விலக்கு கிடைக்கக் காரணமே ப்ரீஹீட்தான் என்பதால், அதைக் கேஸ் டார்ச்சால் கண்மட்டத்தில் பார்க்காமல் வெப்பச் சாக்கட்டியாலாவது அளந்து செய்யுங்கள்.

டி91: இங்கேதான் அதிகம் கெட்டுப்போகிறது

டி91-ன் பலம் அதன் நுண்கட்டமைப்பில் இருக்கிறது. மார்டென்சைட் (ஆறும்போது உண்டாகும் கடினமான கட்டமைப்பு) உருவாகி, பிறகு சரியான சூட்டில் பதப்பட்டு, நுண்ணிய கார்பைடுகள் பரவி நிற்கும்போதுதான் அது உயர்சூட்டைத் தாங்கும். வெல்டிங் அந்தக் கட்டமைப்பைக் கலைத்துவிடுகிறது. வெப்பப் பதன் மூலம் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். இதற்குத் தடிமன் விலக்கு என்று எதையும் நடைமுறையில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ப்ரீஹீட் 200 முதல் 250 டிகிரி, மின்தடையால் சூடேற்றும் பேடால். லேயர்களுக்கு இடையே 300-ஐத் தாண்ட வேண்டாம். வெல்டிங் முடியும்வரை நடுவில் ஆறவிடக் கூடாது. முடிந்ததும் காப்புக்குள்ளேயே மெதுவாக 80 முதல் 100 டிகிரிக்கு இறக்கி ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். பலர் தாண்டிப் போகும் படி இது. நேரம் மிச்சம் என்று 200 டிகிரியிலிருந்து நேரே மேலே ஏற்றினால், ஆஸ்டெனைட் (உயர்சூட்டில் இருக்கும் கட்டமைப்பு) முழுதாக மார்டென்சைட்டாக மாறியிருக்காது. மீதி ஆஸ்டெனைட் பதன் முடிந்து ஆறும்போது பதப்படாத புது மார்டென்சைட்டாகி, கண்ணாடி மாதிரி நொறுங்கும் பட்டைகளாக உள்ளே நிற்கும்.

அதன்பின் மணிக்கு 150 டிகிரிக்கு மிகாமல் ஏற்றி, 760 டிகிரியில், பத்து டிகிரி முன்பின்னாக, குறைந்தது ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். 730-க்குக் கீழே பதன் செய்தால் கடினம் இறங்காது. மேலே போனால் அதைவிட மோசம்: உருமாற்றச் சூட்டைத் (மறுபடி ஆஸ்டெனைட்டாக மாறத் தொடங்கும் சூடு) தொட்டுவிட்டால் அந்த இடம் க்ரீப் பலத்தை இழந்துவிடும், திரும்ப ஒருமுறை பதன் செய்து மீட்க முடியாது, வெட்டிப் போட வேண்டியதுதான். ஃபில்லர் கம்பியில் நிக்கலும் மாங்கனீசும் கூடினால் வெல்டின் உருமாற்றச் சூடு கீழிறங்கும். இரண்டும் சேர்த்து 1 சதவீதத்தைத் தாண்டாத கம்பியைக் கேட்டு வாங்குங்கள்.

கே வகை தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) குறைந்தது இரண்டு, மேலும் கீழும், டிஸ்சார்ஜ் மெஷினால் நேரே டியூபில் ஒட்ட வேண்டும். கம்பியால் கட்டிவைத்த தெர்மோகப்பிள் பேடின் சூட்டைக் காட்டும், டியூபின் சூட்டை அல்ல. ஜாயிண்டின் இரு புறமும் குறைந்தது 50 மி.மீ. சூடாக வேண்டும், அதற்கு அப்பாலும் காப்பு நீள வேண்டும். டியூபின் உள்ளே காற்றோட்டம் இருந்தால் ஒரு பக்கம் 760, எதிர்ப்பக்கம் 700 என்று நிற்கும், எனவே முனைகளை அடைத்துவிடுங்கள். நெருங்கி நிற்கும் பக்கத்து டியூப்களுக்குச் செராமிக் கம்பளம் சுற்றுங்கள். மின்சாரம் நடுவில் போய்விட்டால் காப்போடு ஆறவிட்டு, முழுச் சுழற்சியையும் திரும்பச் செய்ய வேண்டும்.

உடனே பதன் செய்ய முடியாது என்றால் ஜாயிண்டை 100-க்குக் கீழே இறக்கிய பின் 280 முதல் 300 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மணி நேரம் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்றுங்கள். பதன் ஆகும்வரை ஈரம் படவே கூடாது. பதப்படாத டி91 வெல்டின் கடினம் 400 விக்கர்ஸ் அளவில் இருக்கும். ஈரம் பட்டால் அழுத்த அரிப்பு வெடிப்பு விழும்.

கடினச் சோதனையில் டியூபும் வெப்பம் பட்ட பகுதியும் 190 முதல் 250 பிரினெல்லுக்குள் இருக்க வேண்டும். 190-க்குக் கீழே வந்தால் அதிகச் சூட்டில் மென்மையாகிவிட்டது என்று சந்தேகியுங்கள். அளக்கும் முன் மேற்பரப்பிலிருந்து அரை மி.மீ. அளவு எடுத்துவிடுங்கள், கார்பன் இழந்த தோல் எப்போதும் மென்மையாகவே காட்டும். குதித்தெழும் வகைக் கருவி மெல்லிய டியூபில் தப்பாகக் காட்டும். அல்ட்ராசோனிக் தொடுகை முறைக் கருவி நம்பகமானது.

சோதனை

ஒவ்வொரு ஜாயிண்டையும் முழுதாக ரேடியோகிராபி (எக்ஸ்ரே போன்ற கதிர்ப்படம்) செய்யுங்கள். இரிடியம்-192 மூலம், இரட்டைச் சுவர் நீள்வட்ட முறை, 90 டிகிரி திருப்பி இரண்டு படம். டி91-க்கு வெப்பப் பதன் முடிந்த பிறகு எடுத்த படமே இறுதி. கதிர்வீச்சுக்காக எல்லோரையும் வெளியேற்ற வேண்டியிருப்பதால் மற்ற வேலைகள் நிற்கும். ஃபேஸ்டு அர்ரே அல்ட்ராசோனிக் தெரிந்த ஆளும் ஒப்புதல் பெற்ற நடைமுறையும் இருந்தால் அந்த நேரம் மிச்சமாகும், இணைவின்மையை (உலோகம் சேராமல் விட்ட இடம்) அது இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

ஹைட்ரோ டெஸ்டுக்குக் கனிமம் நீக்கிய தண்ணீர். வென்டில் காற்று முழுதாகப் போகும்வரை நிரப்பி, உலோகச் சூடு 20 டிகிரிக்குக் குறையாமல், ஆய்வாளர் குறித்த அழுத்தத்துக்கு மெதுவாக ஏற்றி, ஜாயிண்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தொங்கும் சூப்பர்ஹீட்டர் காயில்களில் நிரம்பிய தண்ணீர் வடியாது என்பதை லைட்அப்பில் (பாய்லரை மறுபடி பற்றவைக்கும்போது) மறக்கக் கூடாது. அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகும்வரை எரிப்பைக் குறைவாக வைக்காவிட்டால், தண்ணீர் அடைத்த லூப்பில் நீராவி ஓடாமல், புதிதாகப் போட்ட டியூபே மீன் வாயாகப் பிளக்கும்.

பேட் வெல்டும் பிளக்கும்

தேய்ந்த டியூபின்மேல் உலோகம் ஏற்றும் பேட் வெல்டு தற்காலிகம் மட்டுமே. அடுத்த நிறுத்தத்தில் வெட்டி மாற்ற வேண்டும். ஓட்டை விழுந்த டியூபில் அதைச் செய்யவே கூடாது. மிச்சத் தடிமன் 3 மி.மீ.க்குக் கீழே இருந்தாலும் வேண்டாம், ஆர்க் துளைத்துவிடும். உள்படிவத்தில் தாமிரம் இருந்தால் ஆபத்து வேறு வகை: வெல்டு சூட்டில் தாமிரம் உருகி எஃகின் மணிகளுக்கு இடையே புகுந்து வெடிக்கவைக்கும். பித்தளைக் கண்டன்சர் அல்லது ஹீட்டர் டியூப்கள் ஓடிய நிலையங்களில் இதை நினைவில் வையுங்கள்.

சூப்பர்ஹீட்டரில் ஒரு டியூபை இரு ஹெடர் முனையிலும் பிளக் அடித்து ஓட்டலாம். நடுவில் உள்ள டியூபைத் துண்டித்துவிட வேண்டும், இல்லையென்றால் சிக்கிய தண்ணீர் சூடாகி வெடிக்கும். வாட்டர்வாலில் பிளக் அடிப்பது கூடாது. தண்ணீர் ஓடாத டியூப் ஃபர்னஸ் சூட்டில் எரிந்து, இணைந்த ஃபின்னையும் பக்கத்து டியூப்களையும் வளைத்துவிடும்.

வெட்டிய துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பும் விதம்

வெடித்த துண்டை ஸ்கிராப்பில் போடாதீர்கள். வெடிப்பின் இரு புறமும் 150 மி.மீ. விட்டு, குளிர்நீர் தெளிக்காமல் உலர்வாக வெட்டி எடுங்கள். அதே டியூபில் வெடிப்புக்கு எதிர்ப்பக்கமும், சேதமில்லாத பக்கத்து டியூபிலும் ஒவ்வொரு மாதிரி சேர்த்தால் ஒப்பிட வசதி. யூனிட், காயில் எண், டியூப் எண், தரைமட்ட உயரம், ஃபர்னஸ் பக்கம் எது, ஓட்டம் போகும் திசை எது என்பதைப் பெயிண்டால் எழுதி, உள்ளே உள்ள படிவம் கொட்டாமல் இரு வாயையும் மூடி, பிளாஸ்டிக்கில் சுற்றி அனுப்புங்கள். வெடிப்பு முகத்தில் எண்ணெய் தடவுவதும் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் கூடாது. அதோடு அந்த டியூப் ஓடிய மொத்த மணிநேரம், கடைசி ஆசிட் கிளீனிங் நடந்த தேதி, வெடிப்புக்கு முந்தைய வாரத்தின் டிரம் தண்ணீர் பிஎச், குளோரைடு, பாஸ்பேட் பதிவுகள், அந்தப் பகுதி உலோகச் சூட்டின் பதிவு ஆகியவற்றின் நகலை இணையுங்கள். இவை இல்லாமல் போகும் மாதிரிக்கு ஆய்வகம் எப்படி வெடித்தது என்று சொல்லும், ஏன் வெடித்தது என்று சொல்ல முடியாது.